கையிலும் துணியிலும் படாமல் கிறீஸ் பூசுவோம்



2012 ஆம் ஆண்டு தை மாதம். பாடசாலை தொடங்க இரண்டு நாட்களே இருந்தன. தைத்து முடித்த ஏழு வெள்ளைச் சட்டைகளை மடித்துப் பையில் வைத்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மண்முனைத் துறைக்குப் புறப்பட்டேன். அப்போது அங்கே பாலம் இல்லை. படுவான்கரையிலிருந்து ஆரையம்பதிப் பக்கம் போவதென்றால் வாவியைப் பாதையில்தான் கடக்க வேண்டும். ஆட்களும் சைக்கிள்களும் நெருக்கியடித்து நின்ற அந்தப் பாதையில் என் பை அவிழ்ந்து சக்கரத்தின் மேல் சரிந்தது. எடுத்துப் பார்த்தால் இரண்டு சட்டைகளில் கறுப்புக் கறுப்பாய்க் கிறீஸ்!

வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. முதல்நாள் மாலை, சக்கரம் கீச்சிடுகிறது என்று வெளியே தெரிந்த இடமெல்லாம் கிறீஸை அள்ளிப் பூசியவள் நான்தான். தைக்கத் தந்தவர்களுக்கு வேறு துணி வாங்கிக் கொடுத்தேன். அந்த மாத உழைப்பில் பாதி அதிலேயே போய்விட்டது.

2007 இல் இடம்பெயர்ந்த காலத்தில் கணவரை இழந்தேன். ஊருக்குத் திரும்பியபோது என்னிடம் மிஞ்சியவை இரண்டு பிள்ளைகளும் ஒரு பழைய சைக்கிளும்தான். தையல் இயந்திரம் பிறகு வந்தது. தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கவும், பிள்ளைகளை ஏற்றி இறக்கவும், ஆஸ்பத்திரிக்குப் போகவும் அந்தச் சைக்கிள்தான். அது நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

சட்டை பழுதான கதையைக் கேட்டு எனக்கு வேலை சொல்லித் தந்தவர் எங்கள் ஊர்ச் சைக்கிள் கடை மாமா. "புள்ள, கிறீஸ் உள்ளுக்க இருந்தாத்தான் வேலை செய்யும். வெளியில கிடக்கிறது மணலுக்குச் சாப்பாடு" என்றார். அவர் காட்டித் தந்ததையும் நான் செய்து பழகியதையும் இங்கே எழுதுகிறேன்.

கிறீஸ் எங்கே வேண்டும்?

சக்கரத்தின் கம்பிகள் வந்து சேரும் நடுப்பகுதியைக் குடம் என்போம். அதற்குள்ளே அச்சைச் சுற்றிச் சிறிய இரும்பு போல்ஸ்கள் உருளுகின்றன. அவை ஒன்றோடொன்று உரசித் தேயாமலும், மழைநீரும் வாவியின் உப்புநீரும் உள்ளே போகாமலும் காப்பது கிறீஸ். செயினுக்குக் கிறீஸ் பூசக் கூடாது. மணல் ஒட்டி, அரம் போல அறுத்துவிடும். செயினுக்கு மெஷின் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிட்டால் போதும். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். அது நாளாக நாளாகப் பசையாகிவிடும்.

தேவையானவை

சிறிய டப்பா கிறீஸ், அளவான ஸ்பனர் இரண்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய சேலைத் துண்டுகள், ஒரு தட்டு, ஒரு பொலித்தீன் பை, விரித்துக்கொள்ளப் பழைய பத்திரிகை.

தொடங்கும் முன் கைகளில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நகங்களால் சவர்க்காரத்தைச் சுரண்டி, நகக்கண்ணை நிரப்பிக்கொள்ளுங்கள். பிறகு கழுவும்போது அழுக்கு இலகுவாகப் போய்விடும். பழைய உடுப்பை உடுத்துங்கள். முந்தானையைச் செருகி, தலைமயிரைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பொலித்தீன் பையின் ஒரு மூலையில் இரண்டு கரண்டி கிறீஸை ஈர்க்குக் குச்சியால் இட்டு, வாயை முறுக்கி, மூலை நுனியைச் சிறிதாக வெட்டுங்கள். கேக்கிற்கு ஐசிங் போடுவது போல, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு பிதுக்கலாம். விரல் படவே படாது. ஊசி கழற்றிய புதிய சிரிஞ்சும் இதற்கு நல்லது.

செய்யும் முறை

முதலில் முன்சக்கரத்தில் பழகுங்கள். அதுதான் இலகு.

1. சைக்கிளைச் சாக்கின் மேல் தலைகீழாக நிறுத்தி, இரண்டு பக்க நட்டுகளையும் தளர்த்திச் சக்கரத்தை எடுங்கள். எது எந்த வரிசையில் கழன்றதோ அதே வரிசையில் பத்திரிகையில் வையுங்கள்.

2. சக்கரத்தைத் தட்டின் மேல் படுக்க வைத்து, ஒரு பக்கத்துப் பூட்டு நட்டையும் கோனையும் மட்டும் கழற்றுங்கள். மறுபக்கத்தை அப்படியே விடுங்கள். அச்சை மெதுவாக இழுத்தால் போல்ஸ்கள் தட்டில் விழும். உடனே எண்ணுங்கள். என்னுடையதில் பக்கத்துக்குப் பத்து.

3. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பழைய கிறீஸை முழுவதும் துடைத்தெடுங்கள். அழுக்குக் கிறீஸின் மேல் புதியதைப் பூசினால் மணலும் உள்ளேயே கிடக்கும். பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். குழி விழுந்த, துருப்பிடித்த போல்ஸ் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

4. குடத்தின் உட்கிண்ணத்தில் சுற்றிவரக் கிறீஸைப் பிதுக்குங்கள். போல்ஸ் பாதியளவு அமிழ்ந்தால் போதும். ஒவ்வொன்றாக வையுங்கள், கிறீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அச்சைச் செருகி, கோனைக் கையால் திருகி மூடுங்கள்.

5. கோனை மிக இறுக்கினால் சக்கரம் சுற்றாது. தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடும். ஆட்டமும் இல்லாமல், தடையும் இல்லாமல் சுற்றும் இடத்தில் பூட்டு நட்டை இறுக்குங்கள்.

6. வெளியே பிதுங்கிய கிறீஸை முழுவதும் துடைத்துவிடுங்கள். என் இரண்டு சட்டைகளும் போனது இந்தத் துடைப்பைச் செய்யாததால்தான்.

கவனிக்க வேண்டியவை

பிறேக் கட்டை பிடிக்கும் றிம்மில் கிறீஸ் பட்டால் பிறேக் பிடிக்காது. பட்டிருந்தால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காய வையுங்கள். ரயரிலும் படக்கூடாது, இறப்பர் கெட்டுவிடும். மண்ணெண்ணெயை அடுப்பிலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் தூரத்தில் வையுங்கள். மிஞ்சியதைக் கிணற்றடியிலோ வாவியிலோ ஊற்ற வேண்டாம். கையை மண்ணெண்ணெயில் கழுவாமல், சவர்க்காரமும் தவிடும் சேர்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். பின்சக்கரத்தையும் பெடல் அச்சையும் நன்றாகக் கை பழகும்வரை கடையில் கொடுப்பதே நல்லது.

ஐப்பசியில் மழை தொடங்கும் முன் ஒருமுறையும், தை கழிந்து மழை விட்டபின் ஒருமுறையும் செய்தால் போதும். வெள்ளத்தில் சக்கரம் முழுக அமிழ்ந்தால் அப்போதே திறந்து பாருங்கள்.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். அன்று மாவட்டக் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். நம் பெண்கள் நீண்டகாலமாகவே ஓட்டுகிறோம். ஆனால் திருத்துவதற்கு ஆம்பிளை ஒருவரைத் தேடுகிறோம்.

2014 இல் ஜப்பான் உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. பாதைக்காகக் காத்து நிற்பது முடிந்தது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, மோட்டார் சைக்கிள்கள் வீட்டு முற்றத்தில் கிடந்தன. என் பழைய சைக்கிள் தைத்த துணிகளோடு பாலத்தால் போய் வந்தது. அந்த நாட்களில் அயலில் உள்ள பெண்கள் தங்கள் சைக்கிள்களை என் முற்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். நான் செய்து கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்து, அவர்கள் கையாலேயே செய்ய வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கள். ஒருவர் சக்கரத்தைப் பிடிக்க, மற்றவர் போல்ஸை எண்ணட்டும்.