நாற்பது கஜமும் நூறு கஜமும்

நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய மக்கள் இன்று அமெரிக்க நாட்டில் தொழில் நிமித்தம் வாழ்ந்து வருகின்றனர். பேரக் குழந்தைகளைக் கண்டு வரலாமென்று அங்கே சென்று, இலையுதிர் காலத்தில் சில மாதங்கள் தங்கித் திரும்பும் பெரியோர் ஒரு வியப்பைத் தவறாமல் எடுத்துரைப்பர். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடுகின்றனர். தலைக்கவசம் அணிந்த ஆடவர் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுகின்றனர். இதற்குக் கால்பந்து என்று பெயர். ஆனால் பந்தோ பெரும்பாலும் கையிலேயே இருக்கிறது! "இதில் என்ன சுவை கண்டார்கள்?" என்று அவர்கள் வினவும்போது, நாமும் பலகாலம் விடை கூற இயலாது நின்றோம்.

பின்னர்ச் சற்றே கூர்ந்து நோக்கியபோது, அவ்வாட்டத்தின் ஒரு பகுதி நம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. புதிய பருவம் தொடங்குமுன் ஒரு குழுவினர் தம் வீரர்களை நிறுத்துப் பார்க்கும் முறையே அது. ஆடாத ஒருவனை, 'இவன் ஆடுவான், இவன் ஆடான்' என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இக்கடமை விளையாட்டுக் குழுவுக்கு மட்டும் உரியதன்று. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஏன், இல்லத்துக்கும் உரியது. ஆகவே ஒரு குழுவை, ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். குழு, லாஸ் ஏஞ்சலீஸ் ராம்ஸ், ஆண்டு, 2023.

ஓரத்தில் நிற்போர்

முதலில் ஆட்டத்தைச் சிறிது அறிந்துகொள்வோம். களத்தின் நீளம் 100 கஜம். ஒரு பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை உடைய குழுவினர் நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிட்டும். இவ்வாறு படிப்படியாகச் சென்று எதிரியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பித்தால் ஆறு புள்ளிகள். பந்தைக் கையில் ஏந்தி, எங்கே செலுத்துவது என்று கணப்பொழுதில் முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக் எனப்படுவார். அவர் எறியும் பந்தைத் தொலைவில் ஓடிச்சென்று பற்றுவோர் களத்தின் இரு ஓரங்களை ஒட்டி நிற்பர். 'வைட் ரிசீவர்' என்று வழங்கப்படும் அவர்களை நாம் 'பந்தேற்போர்' என்று அழைப்போம்.

பந்தேற்பவரின் வேலை பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. எங்கே ஓட வேண்டும், எத்தனையாவது அடியில் திரும்ப வேண்டும் என்பது முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். அவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் புறப்பட்டுவிடும். ஓரடி தவறினாலும் பந்து எதிரியின் கைக்குப் போகும். பக்கத்திலே ஒருவன் தோளோடு தோள் உரசி ஓடிவருவான்; பற்றிய மறுகணம் மோதி வீழ்த்துவான். அதற்கு அஞ்சாமல் கண்ணைப் பந்தின்மேல் வைத்திருக்க வேண்டும். தமக்குப் பந்து வராத வேளைகளில், பந்தோடு ஓடும் தோழருக்கு வழிவிடும்பொருட்டு எதிரியைத் தம் உடலால் தடுத்து நிற்கவும் வேண்டும். இப்பணிக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை.

கடிகாரத்தின் தீர்ப்பு

கல்லூரிகளில் ஆடித் தேர்ந்த இளைஞர்களை ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூட்டி அளந்து பார்க்கின்றனர். உயரம், எடை, கைவிரல்களின் அகலம், தாண்டும் உயரம் யாவும் குறிக்கப்படுகின்றன. பந்தேற்போர் திறத்தில் மிகுதியாகப் பேசப்படுவது நாற்பது கஜ ஓட்டமே. நாலரை வினாடிக்குள் ஓடியவன் என்றால் மதிப்பு உயரும்; அதற்குமேல் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் முகங்கள் வாடும். பின்னர் ஏழு சுற்றுகளில் குழுக்கள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்துகொள்கின்றன. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2023-ஆம் ஆண்டில் இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோர் 259 பேர். முதற்சுற்றில் 20 முதல் 23 வரையிலான நான்கு இடங்களிலும் அடுத்தடுத்துப் பந்தேற்போரே தெரிவு செய்யப்பட்டனர்.

ராம்ஸ் குழுவுக்கு முதற்சுற்றில் இடமே இல்லை. மாத்யூ ஸ்டாஃபர்ட் என்னும் தேர்ந்த குவார்ட்டர்பேக்கை 2021-இல் டெட்ராயிட் குழுவிடமிருந்து பெறுவதற்கு அவ்வுரிமையை விலையாகக் கொடுத்துவிட்டனர். அந்த வணிகம் வீண்போகவில்லை. 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்னும் பெரும்போட்டியை வென்றனர். ஆயின் அடுத்த பருவத்திலேயே வீரர்கள் பலர் காயமுற, 5 வெற்றி, 12 தோல்வி என்று சரிந்தனர். 2023-இன் தொடக்கத்தில் அவர்களைப் பொருட்படுத்துவோர் குறைவாகவே இருந்தனர்.

அறுவர்

அந்த ஆகஸ்டு மாதத்தில் ராம்ஸ் குழுவின் பந்தேற்போரை ஒருவர் மதிப்பிட்டிருந்தால் வரிசை பின்வருமாறு இருந்திருக்கும்.

முதலாமவர் கூப்பர் கப். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இவரை விரும்பி அழைக்கவில்லை. கிழக்கு வாஷிங்டன் என்னும் சிறு பல்கலைக்கழகத்தில் ஆடினார். நாற்பது கஜத்தை 4.62 வினாடியில் ஓடி, 2017-இல் மூன்றாம் சுற்றில், 69-ஆவது இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மெதுவான மனிதர் 2021-ஆம் ஆண்டில் 145 முறை பந்தைப் பற்றி, 1,947 கஜம் ஈட்டி, 16 முறை எல்லையைத் தொட்டு, மூன்று கணக்கிலும் அந்நாட்டிலேயே முதல்வராக நின்றார். சூப்பர் பவுலின் சிறந்த வீரரும் அவரே. ஆனால் 2022 நவம்பரில் கணுக்காலில் காயமுற்றார். 2023 பயிற்சிக் காலத்தில் தொடையின் பின்தசையில் மீண்டும் நோவு கண்டது.

இரண்டாமவர் வான் ஜெஃபர்சன். தந்தையும் இதே ஆட்டத்தில் பந்தேற்றவர், எனவே குலவித்தை. 2021-இல் 802 கஜம் ஈட்டியவர். மூன்றாமவர் டூட்டூ அட்வெல். மின்னலென ஓடுபவர், ஆனால் உருவம் சிறிது. இரண்டாம் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டும் முதலாண்டில் ஒரு பந்தும் பற்றாமல் இருந்தவர். நான்காமவர் பென் ஸ்கோரனெக். ஏழாம் சுற்றில் வந்தவர். எதிரியைத் தடுப்பதில் உழைப்பாளி. ஐந்தாமவர் டிமார்க்கஸ் ராபின்சன். வேறு குழுக்களில் ஆடி, அக்கோடையில் வந்து சேர்ந்த அனுபவசாலி.

ஆறாமவர் பூக்கா நக்கூவா என்னும் இளைஞர். யூட்டா மாநிலத்தில் வளர்ந்தவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் பின்னர் பிரிகம் யங் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். கல்லூரி நாட்களில் காயங்களால் ஆட்டங்கள் சிலவற்றை இழந்தவர். ஓட்டத்தில் தனிச்சிறப்பு உடையவரல்லர். ஐந்தாம் சுற்றில், 177-ஆவது இடத்தில் ராம்ஸ் இவரைத் தேர்ந்தெடுத்தனர். இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மற்றக் குழுக்கள் இவரைக் கைவிட்டன என்பது மட்டுமன்று. ராம்ஸ் குழுவினரே அவ்வாண்டு இவருக்கு முன் எழுவரைத் தேர்ந்தெடுத்திருந்தனர். இவரது அருமையை அவர்களும் முழுதும் அறிந்திலர்!

களத்தின் தீர்ப்பு

பருவம் தொடங்குவதற்கு முன்னாள் வந்த செய்தி ராம்ஸ் அன்பர்களைக் கலங்கச் செய்தது. கூப்பர் கப் முதல் நான்கு ஆட்டங்களில் ஆட மாட்டார் என்பதே அச்செய்தி. முதல்வர் இல்லாத இடத்தில் கடைசியில் வந்தவரை நிறுத்தினர்.

முதல் ஆட்டம் சியாட்டில் நகரில். நக்கூவா 10 பந்துகளைப் பற்றி 119 கஜம் ஈட்டினார். சிறியவர் என்று ஐயுறப்பட்ட அட்வெல்லும் அதே 119 கஜத்தை ஈட்டினார். ராம்ஸ் 30-13 என்று வென்றனர். அடுத்த வாரம் நக்கூவா 15 பந்துகளைப் பற்றினார்; முதலாண்டு வீரர் எவரும் ஒரே ஆட்டத்தில் அதற்குமுன் அத்தனை பற்றியதில்லை. கப் நலமுற்று வந்து சேர்ந்த பின்னும் இளைஞரின் இடம் பறிபோகவில்லை. இருவரும் இரு கண்களென விளங்கினர். பருவம் முடிந்தபோது நக்கூவாவின் கணக்கு 105 பற்றல்கள், 1,486 கஜம். முதலாண்டு வீரருக்கு 1960 முதல் நின்று நிலவிய 1,473 கஜம் என்னும் வரம்பு 63 ஆண்டுகளுக்குப் பின் தாண்டப்பட்டது. ராம்ஸ் குழு 10 வெற்றி, 7 தோல்வி என்று எழுந்து இறுதிச் சுற்றுக்களில் நுழைந்தது. அங்கே டெட்ராயிட்டிடம் 24-23 என்று ஒரே புள்ளியில் தோற்றது. அந்தத் தோல்வியிலும் நக்கூவா 181 கஜம் ஈட்டினார்.

கடிகாரம் பொய் சொன்னதா? இல்லை. நாற்பது கஜத்தை எத்தனை வினாடியில் ஓடினார் என்று கேட்டோம். அது உண்மையே சொல்லிற்று. நாம் கேளாத வினாக்களுக்கு அது எவ்வாறு விடை கூறும்? திரும்ப வேண்டிய அடியில் திரும்புவாரா, இருவர் நடுவில் பந்தைப் பற்றுவாரா, மோதியும் விழாமல் மேலும் ஐந்து கஜம் ஓடுவாரா, தமக்குப் பந்து வராத வேளையில் தோழருக்காகத் தடுத்து நிற்பாரா என்னும் வினாக்களுக்குக் களம் ஒன்றே விடை கூறும். கப்பும் நக்கூவாவும் தேறியது இவ்வினாக்களில்தான். நேராக ஓடும் நாற்பது கஜத்தில் எதிரி இல்லை. நூறு கஜக் களத்திலோ பதினொருவர் எதிரில் நிற்கின்றனர்.

ஒரு முடிவல்ல

இதனைக் கொண்டு, அளவைகள் எல்லாம் வீண் என்று கூறிவிடலாகாது. ஐந்தாம் சுற்றில் வந்தோர் பலர் இரண்டாண்டும் நிலையாமல் மறைகின்றனர். முதற்சுற்றில் வந்தோர் பலர் புகழோடு விளங்குகின்றனர். 2023-இல் 20-ஆவது இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜாக்சன் ஸ்மித்-இஞ்சிக்பா முதலாண்டில் 628 கஜமே ஈட்டினார். அவரைத் தேர்ந்தது தவறோ என்று ஐயுற்றவரும் இருந்திருப்பர். அடுத்த ஆண்டே 100 பந்துகளைப் பற்றி 1,130 கஜம் ஈட்டினார். ஆகவே கடிகாரத்தின் தீர்ப்பு மட்டுமன்று, முதலாண்டின் தீர்ப்பும் இறுதித் தீர்ப்பன்று.

மற்றொன்றும் உண்டு. நக்கூவாவின் திறமை அவருடையதே. ஆனால் அதைக் காட்டுவதற்கு இடம் வாய்த்தது மற்றொருவரின் காயத்தால். கப் நலமாக இருந்திருப்பின் அந்த இளைஞர் எத்தனை வாரம் ஓரத்தில் அமர்ந்திருப்பாரோ? ராம்ஸ் குழுவின் பெருமை அவரை முன்னரே கண்டுகொண்டதில் இல்லை. வாய்ப்பு வந்தபோது, 'இவர் 177-ஆவது ஆயிற்றே' என்று தயங்காமல் களத்தில் நிறுத்தியதில் இருக்கிறது. அளவுகோல் அளித்த எண்ணை அவர்கள் ஒருவர் நெற்றியில் எழுதிவைக்கவில்லை.

அதே தராசு முதல்வரையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். 2025 மார்ச்சில், முப்பத்தோரு வயதில், கூப்பர் கப் ராம்ஸ் குழுவிலிருந்து விடுவிக்கப்பட்டார். சியாட்டில் குழு அவரை ஏற்றுக்கொண்டது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு வந்ததும் எல்லோரும் புதிதாக நிறுக்கப்படுகின்றனர்.

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நம்மவர்க்கு இது புதிய கதையன்று. மொழி அறியாத நகரில் ஒரு சான்றிதழையும் ஒரு சிபாரிசுக் கடிதத்தையும் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ ஓர் அலுவலக வாயிலில் நின்ற நாட்களை நம் சங்கத்து மூத்தோர் மறந்திரார். அன்று நம்மை அளந்தவர்கள் நாற்பது கஜத்தைத்தான் அளந்தனர். ஒருவர் இடம் காலியானதால் நமக்கு ஓர் இடம் கிடைத்தது. பின்னர் நூறு கஜத்தில் நம்மை மெய்ப்பித்துக்கொண்டோம். இன்று நாமே அளக்கும் இடத்தில் அமர்ந்திருக்கின்றோம். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளை நோக்கும்போதும், வேலை நாடி நம்மிடம் வரும் இளைஞரை நோக்கும்போதும், நாம் கேளாது விட்ட வினாக்கள் எவை என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக. அடுத்த முறை பேரப்பிள்ளையின் அருகில் அமர்ந்து அவ்வாட்டத்தைக் காணும் பெரியோர், பந்து எறியப்படும் முன்பே களத்தின் ஓரத்தைச் சற்று நோக்கட்டும். அங்கே ஒருவன் எவரும் பாராத நேரத்தில் தன் அடிகளை எண்ணிக்கொண்டு ஓடத் தொடங்கியிருப்பான்.