ஜெரமி ஓ'பிரையன்

ஜெரமி ஓ'பிரையன் ஓர் ஆஸ்திரேலிய இயற்பியலாளர் ஆவார். ஒளியின் தனித்தனித் துகள்களான ஒளியன்களைக் (ஃபோட்டான்) கண்ணாடிச் சில்லு அல்லது சிலிக்கான் சில்லு ஒன்றினுள் செலுத்திக் கணிப்புகளைச் செய்யும் 'ஒருங்கிணைந்த குவாண்டம் ஒளியியல்' என்னும் துறையை உருவாக்கியவர்களுள் ஒருவராக இவர் அறியப்படுகிறார். 2003 ஆம் ஆண்டில் ஆய்வக மேசையின் மீது இவரும் இவருடைய குழுவினரும் அமைத்த குவாண்டம் தருக்க வாயில், 2008 ஆம் ஆண்டில் ஒரு சிறு சில்லுக்குள் அடங்கியது. 2016 இல் தொடங்கப்பட்ட சைகுவாண்டம் நிறுவனத்தின் நிறுவனர் நால்வருள் இவரும் ஒருவர்.

பின்னணி

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு குவாண்டம் பிட் அல்லது கியூபிட் எனப்படும். வழக்கமான கணினியின் பிட் 0 அல்லது 1 என்னும் இரண்டில் ஒன்றாக மட்டுமே இருக்கும். கியூபிட் இவ்விரண்டின் மேற்பொருந்திய நிலையிலும் இருக்கவல்லது. ஒளியன் ஒன்று செல்லக்கூடிய இரண்டு பாதைகளுள் ஒன்றை 0 எனவும் மற்றொன்றை 1 எனவும் கொண்டால், அந்த ஒளியனே ஒரு கியூபிட் ஆகிவிடும்.

ஒளியனுக்கு ஒரு பெரும் சிறப்பு உண்டு. அது சுற்றுப்புறத்தின் வெப்பத்தாலோ மின்புலத்தாலோ எளிதில் பாதிக்கப்படுவதில்லை. ஆகவே ஏற்ற செய்தியை நெடுந்தொலைவு வரை கெடாமல் கொண்டு செல்லும். இச்சிறப்பே அதன் குறையும் ஆகும். இரண்டு டார்ச் விளக்குகளின் ஒளிக்கற்றைகளை ஒன்றன் குறுக்கே ஒன்றாகச் செலுத்தினால், அவை ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் ஊடுருவிச் சென்றுவிடுகின்றன. கணிப்பதற்கோ ஒரு கியூபிட் மற்றொன்றின் நிலையை மாற்றியாக வேண்டும். ஒன்றையொன்று தீண்டாத துகள்களைக் கொண்டு எவ்வாறு கணிப்பது என்பதே இத்துறையின் முதற் சிக்கலாக இருந்தது.

2001 ஆம் ஆண்டில் இம்மானுவேல் நில், ரேமண்ட் லாஃப்லாம், ஜெரார்டு மில்பர்ன் ஆகிய மூவர் இதற்கு ஒரு வழியை வெளியிட்டனர். ஒளியன்களைக் கற்றைப் பிரிப்பிகளில் ஒன்றோடொன்று குறுக்கிடச் செய்து, பின்னர் அவற்றுள் சிலவற்றை உணர்கருவிகளால் அளந்தால், அந்த அளவீடே மீதமுள்ள ஒளியன்களுக்கிடையே தேவையான வினையை உண்டாக்கிவிடும் என அவர்கள் காட்டினர். ஆனால் இவ்வினை ஒவ்வொரு முறையும் வெற்றி பெறாது. வெற்றி வாய்ப்பை உயர்த்த வேண்டுமானால் துணை ஒளியன்களும் கருவிகளும் மிகப் பெரும் எண்ணிக்கையில் தேவைப்படும்.

தொடக்க கால ஆய்வுகள்

ஓ'பிரையன் தமது முனைவர் பட்ட ஆய்வைச் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மேற்கொண்டார். அப்பணி ஒளியைப் பற்றியதன்று, சிலிக்கானைப் பற்றியதாகும். சிலிக்கான் படிகத்தில் பாஸ்பரசு அணுக்களை ஒவ்வொன்றாக உரிய இடத்தில் பதித்துக் கணினி அமைக்கும் முயற்சியில் அப்பல்கலைக்கழகக் குழு ஈடுபட்டிருந்தது. பாஸ்பரசு கொண்ட மூலக்கூறுகளைச் சிலிக்கான் பரப்பில் வேண்டிய புள்ளியில் அமர்த்தும் முறையைப் பற்றி 2001 இல் வெளியான கட்டுரையின் முதல் ஆசிரியர் இவரே. பிற்காலத்தில் ஒளிக்குச் சிலிக்கானை நாடியவர் தொடங்கியதும் சிலிக்கானில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னர் இவர் பிரிஸ்பேனிலுள்ள குயின்சுலாந்து பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மேற்கூறிய மூவருள் மில்பர்ன் பணியாற்றிய இடமும் அதுவே. அங்கு 2003 ஆம் ஆண்டில் இரண்டு ஒளியன்களுக்கிடையே செயற்படும் 'கட்டுப்படுத்திய எதிர்மாற்று வாயில்' (சி-நாட்) ஒன்றை இவருடைய குழு செய்து காட்டியது. முதல் கியூபிட் 1 ஆக இருந்தால் மட்டும் இரண்டாவது கியூபிட்டை மாற்றுவது இவ்வாயிலின் வேலை. கால்சைட் படிகங்களைக் கொண்டு கற்றைகளைப் பிரித்தும் சேர்த்தும், பாதைகளின் நீளம் அதிர்வினால் மாறாதவாறு இக்குழுவினர் பார்த்துக்கொண்டனர். இதன் முடிவுகள் 'நேச்சர்' இதழில் வெளியாயின.

இந்த வாயிலின் வெற்றி வாய்ப்பு ஒன்பதில் ஒன்று ஆகும். ஒளியன்கள் உரிய இடங்களில் வந்து சேர்ந்தனவா என்பதை இறுதியில் பார்த்து, சேராதவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். இத்தகைய வாயில்கள் இரண்டைத் தொடர்ச்சியாக இணைத்தால் வாய்ப்பு 81 இல் ஒன்றாகக் குறையும். பத்தை இணைத்தால் சுமார் 349 கோடியில் ஒன்றுதான். எனவே ஒளிக் கணினி என்பது ஓர் இயற்பியல் வினாவாக மட்டும் நில்லாமல், ஏராளமான உறுப்புகளை ஒரே சீராகச் செய்வது எப்படி என்னும் உற்பத்தி வினாவாகவும் மாறியது. கண்ணாடிகளையும் படிகங்களையும் மேசையில் ஒவ்வொன்றாகத் திருகி நிறுத்தும் முறையில் அந்த எண்ணிக்கையை ஒருபோதும் எட்ட இயலாது.

சில்லுக்குள் ஒளி

2006 இல் இவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒற்றை ஒளியன் ஆய்வுகளில் முன்னோடியான ஜான் ராரிட்டி அங்கு ஏற்கெனவே பணியாற்றி வந்தார். குவாண்டம் ஒளியியல் மையத்தின் இயக்குநராக ஓ'பிரையன் அங்கு பொறுப்பு வகித்தார்.

2008 இல் ஆல்பர்ட்டோ பொலிட்டி முதல் ஆசிரியராகவும் ஓ'பிரையன் உடனாசிரியராகவும் 'சயின்சு' இதழில் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் தொடக்கமாகப் பலராலும் கொள்ளப்படுகிறது. சிலிக்கான் தகட்டின் மேல் சிலிக்கா கண்ணாடிப் படலத்தை இட்டு, அதனுள் ஒளிவிலகல் எண் சற்றே கூடிய மெல்லிய தடங்களை அமைத்தனர். இத்தடம் அலைநடத்தி எனப்படும். ஒளியிழையில் நிகழ்வது போலவே, ஒளி முழு அக எதிரொளிப்பால் தடத்தை விட்டு வெளியேறாமல் செல்கிறது. இரண்டு தடங்களை மிக அருகில் கொண்டுவந்தால் ஒன்றில் செல்லும் ஒளி மற்றொன்றுக்குக் கசியும். அருகருகே செல்லும் நீளத்தையும் இடைவெளியையும் பொறுத்துப் பாதி, மூன்றில் ஒன்று என வேண்டிய அளவில் ஒளியைப் பிரிக்கலாம். மேசையின் மீதிருந்த கற்றைப் பிரிப்பியின் இடத்தை இவ்வமைப்பு பிடித்தது. எல்லாத் தடங்களும் ஒரே தகட்டில் பதிந்திருப்பதால் அவை அதிர்வினால் ஒன்றைவிட்டு ஒன்று நகர வழியில்லை.

இச்சில்லில் இரண்டு ஒளியன்களின் குறுக்கீட்டுத் தெளிவு ஏறத்தாழ 95 விழுக்காடாகவும், சி-நாட் வாயிலின் சரித்தன்மை சுமார் 94 விழுக்காடாகவும் இருந்தன. ஆயினும் ஒளியன்களை உண்டாக்கும் மூலமும் அவற்றைக் கண்டறியும் உணர்கருவிகளும் சில்லுக்கு வெளியேதான் இருந்தன.

அடுத்த ஆண்டு, 2009 இல், பீட்டர் ஷோரின் காரணிப்படுத்தும் படிமுறையை இக்குழு ஒரு சில்லில் இயக்கி, 15 இன் காரணிகள் 3, 5 எனக் கண்டது. இச்செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. எனினும் 15 என்னும் எண்ணுக்கென்றே சுருக்கி அமைக்கப்பட்ட சுற்று அது. வேறோர் எண்ணைக் கொடுத்தால் அது விடை தராது. இதனைச் சில்லின் திறனுக்கான சான்றாகக் கொள்ளலாமேயன்றி, மறைக்குறிகளை உடைக்கும் கணினியாகக் கொள்ளலாகாது.

2013 இல் இரண்டு கியூபிட் சில்லு ஒன்றைப் பொதுமக்கள் இணையம் வழியாக இயக்கிப் பார்க்கப் பிரிஸ்டல் குழு வழி செய்தது. 2014 இல், ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்குகொண்ட ஆய்வில், ஹீலியம் ஹைட்ரைடு அயனியின் ஆற்றல் ஒளிச் சில்லின் உதவியால் கணிக்கப்பட்டது. குவாண்டம் கருவியும் வழக்கமான கணினியும் மாறி மாறி வேலை செய்யும் அந்தப் படிமுறை, பின்னர் மீக்கடத்திக் கணினிகளிலும் அயனிக் கணினிகளிலும் பரவலாகக் கையாளப்பட்டது. 2015 இல் ஜப்பானின் என்டிடி நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய சில்லில் ஆறு தடங்களும் 15 குறுக்கீட்டுமானிகளும் இருந்தன. சிறு சூடேற்றிகளால் தடங்களின் ஒளிவிலகல் எண்ணை மாற்றி, ஒரே சில்லை வெவ்வேறு சோதனைகளுக்கு நிரலாக்க முடிந்தது.

சிலிக்காவிலிருந்து சிலிக்கானுக்கு

சிலிக்கா தடங்களுக்கு ஓர் எல்லை உண்டு. தடத்துக்கும் அதன் சூழலுக்கும் ஒளிவிலகல் எண்ணில் வேறுபாடு மிகச் சிறிது. ஆதலால் தடத்தைக் கூர்மையாக வளைத்தால் ஒளி வெளியேறிவிடும். சிலிக்கானின் ஒளிவிலகல் எண் சுமார் 3.5, சிலிக்காவினுடையது சுமார் 1.45. இப்பெரும் வேறுபாட்டால் சிலிக்கான் தடங்களைச் சில மைக்ரோமீட்டர் ஆரத்திலேயே வளைக்கலாம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியைச் சிலிக்கான் உறிஞ்சிவிடுவதால், தொலைத்தொடர்பில் பயன்படும் 1550 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளி பயன்படுத்தப்படுகிறது. சிலிக்கான் தடத்தினுள்ளேயே லேசர் ஒளியிலிருந்து ஒளியன் இணைகளை உண்டாக்கவும் முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணினிச் சில்லுகளைச் செய்யும் தொழிற்சாலைகள் உலகில் ஏற்கெனவே உள்ளன.

சைகுவாண்டம்

ஓ'பிரையன், பிரிஸ்டலைச் சேர்ந்த மார்க் தாம்சன், பீட் ஷாட்போல்ட், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டெரி ருடால்ஃப் ஆகியோர் 2016 இல் இந்நிறுவனத்தைத் தொடங்கினர். இவர்களுள் ருடால்ஃப், இயற்பியலாளர் எர்வின் சுரோடிங்கரின் பேரன் ஆவார். சிறு கணினிகளைப் படிப்படியாக விற்பதை விடுத்து, பிழைதிருத்தத்துடன் கூடிய, பத்து இலட்சம் கியூபிட் அளவிலான கணினியை நேரடியாக அமைப்பதே நிறுவனத்தின் நோக்கம். ஓ'பிரையன் இதன் தலைமைச் செயல் அலுவலராகப் பொறுப்பேற்றார். சில்லுகள் அமெரிக்காவின் குளோபல்ஃபவுண்டரீசு ஆலையில் செய்யப்படுவதாக 2021 இல் அறிவிக்கப்பட்டது.

2024 ஏப்ரலில் ஆஸ்திரேலிய நடுவண் அரசும் குயின்சுலாந்து மாநில அரசும் பங்கு, கடன், மானியம் ஆகிய வடிவங்களில் மொத்தம் 94 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளிக்க முன்வந்தன. கணினியைப் பிரிஸ்பேனில் அமைத்து 2027 இறுதிக்குள் இயக்குவது அப்போது கூறப்பட்ட இலக்காகும். ஒரே நிறுவனத்தில் இவ்வளவு பொதுப்பணத்தை இட்டதையும், அந்நிறுவனம் தேர்வு செய்யப்பட்ட முறையையும் எதிர்க்கட்சியினர் கடுமையாகக் குறைகூறினர். அந்நாள் வரை நிறுவனம் முழுமையான கணினி எதனையும் வெளிக்காட்டியிருக்கவில்லை.

2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் நிறுவனம் வெளியிட்ட கட்டுரை, தொழிற்சாலையில் செய்த சில்லுகளின் அளவீடுகளைத் தந்தது. வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்த ஒளியன்களின் குறுக்கீட்டுத் தெளிவு 99.50 விழுக்காடு, ஒரு சில்லிலிருந்து மற்றொன்றுக்குக் கியூபிட்டை அனுப்புவதன் சரித்தன்மை 99.72 விழுக்காடு. 2008 ஆம் ஆண்டின் அளவுகளோடு ஒப்பிட இது பெரும் முன்னேற்றமே. ஆனால் இவ்வெண்கள் ஒளியன் உணரப்பட்ட நிகழ்வுகளை மட்டும் கணக்கிற் கொண்டவை. வழியில் இழந்துபோன ஒளியன்கள் இவற்றில் சேரவில்லை. மூலத்திலும், தடத்திலும், நிலைமாற்றிகளிலும், உணர்கருவியிலும் ஏற்படும் இழப்பின் கூட்டுத்தொகையைப் பிழைதிருத்தம் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைப்பதே ஒளிவழிக் கணினியின் முதன்மைச் சிக்கலாக உள்ளது.