ஒலி எழுப்பும் சிலந்திகள்

வலை பின்னி இரைக்குக் காத்திருக்கும் சிலந்தியை யாவரும் அறிவர். வலை விரியாது, நிலத்து வளைகளிலும் மரப்பொந்துகளிலும் பதுங்கியிருந்து இரையைப் பற்றும் பெருஞ்சிலந்திகளும் உள. அவற்றுட் சில ஒலி எழுப்பவும் வல்லவை.

சிலந்திகள் கணுக்காலிகளுள் ஒரு பிரிவு. எட்டுக் கால்களை உடையமையால் ஆறுகால் பூச்சிகளினின்றும் இவை வேறுபடும். பெருஞ்சிலந்திகளின் குடும்பத்தைத் தெரபோசிடே என்பர். அதன் துணைக் குடும்பங்களுள் ஒன்றான செலினோகாஸ்மினே, ஒலிக்கருவியால் பெயர் பெற்றது. இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரை இவ்வினம் பரவியுள்ளது.

இவ்வொலி தொண்டையில் பிறப்பதன்று. சிலந்தியின் வாயருகே நச்சுப்பற்களைத் தாங்கும் தாடைகள் இரண்டு உள. அவற்றின் புறப்பக்கத்தில் சிறு முட்கள் அமைந்துள்ளன. அவற்றை அடுத்த உணர்கால்களின் அடியில் தடித்த மயிர்கள் வரிசையாக நிற்கின்றன. முட்கள் மயிர்களின்மீது உராயும்போது சீறல் போன்ற ஒலி எழுகின்றது. யாழின் நரம்புகளை ஒத்திருத்தலால் அம்மயிர்த் தொகுதியை 'லைரா' என்பர். அஃது ஒருவகை யாழின் பெயராகும். கல்கத்தா அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வுட்-மேசன் என்பார், அஸ்ஸாமில் வாழும் இத்தகைய சிலந்தி ஒன்றை 1877ஆம் ஆண்டில் விவரித்தார்.

சிலந்திக்குச் செவி இல்லை. அதிர்வுகளைக் கால்மயிர்களால் உணர்கின்றது. பகை நெருங்குங்கால் அது முன்கால்களை உயர்த்தி ஒலிக்கின்றது. 'அணுகாதே' என்பதே அதன் பொருள்.

பனமரத்துப்பட்டி அமைந்துள்ள சேலம் மாவட்டத்திற்கும் பெருஞ்சிலந்திகளுக்கும் தொடர்பு உண்டு. இம்மாவட்டத்தில் கிடைத்த மரச்சிலந்தி ஒன்றிற்குப் போகாக் என்னும் ஆங்கில அறிஞர் 1899இல் 'போயிசிலோதீரியா ஃபார்மோசா' எனப் பெயரிட்டார். ஃபார்மோசா என்பது அழகியது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். இப்பேரினத்தை அறிஞர் சிலர் செலினோகாஸ்மினேயில் அடக்குவர். வேறு சிலர் தனித் துணைக் குடும்பமாகக் கொள்வர்.

முதிய மரங்களின் பொந்துகளே இதன் உறைவிடம். மரங்கள் வெட்டப்படுவதால் இது குறைந்துவருகின்றது. 2008ஆம் ஆண்டில் அருகிவரும் உயிர்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. இதன் அழகே இதற்குப் பகையுமாயிற்று. வளர்ப்பதற்கெனப் பிடித்து விற்போர் பெருகினமையால், 2019இல் இப்பேரினம் முழுவதன் உலக வாணிகமும் பன்னாட்டு உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டது.

இதன் கடி மிக்க வலியும் தசைப்பிடிப்பும் தரும்; எனவே கையால் தொடலாகாது. எனினும் அஞ்சிக் கொல்லுதலும் வேண்டா. பூச்சிகளைத் தின்று வாழும் இவ்வுயிர் மனிதனைத் தேடி வருவதில்லை. எச்சரித்து விலகவே விரும்புகின்றது. அவ்வெச்சரிக்கையை அறிந்து நாமும் விலகி நிற்பதே அறிவுடைமை.