சினிமா வைத்தியம் பலிக்குமா?

சினிமாவைப் பார்த்து புடவை எடுக்கிறோம், ரவிக்கை தைக்கிறோம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால், வைத்தியத்தையும் சினிமாவிலிருந்தே கற்றுக்கொண்டால் உயிருக்கே உலை வைத்து விடும் தோழிகளே!

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கும் எங்களுக்கு பாம்பு பயமும் உண்டு, நாய் பயமும் உண்டு. சினிமாவில் இந்த இரண்டுக்குமே ஆளுக்கொரு வைத்தியம் காட்டியிருக்கிறார்கள்.

முதலில் பாம்பு. கதாநாயகி காலில் பாம்பு கொத்தும். கதாநாயகன் அவள் முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டி, கத்தியால் கீறி, வாயால் விஷத்தை உறிஞ்சித் துப்புவார். அடுத்த காட்சியில் இருவரும் டூயட் பாடுவார்கள். சாமி படமென்றால் கடித்த பாம்பே திரும்பி வந்து உறிஞ்சிவிட்டுப் போகும்!

நிஜத்தில் இதில் ஒன்றுகூட உதவாது. உடம்பில் இறங்கிய விஷத்தை உறிஞ்சி எடுக்க முடியாது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப் போகலாம். விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. அதிலே கத்தியால் கீறினால் என்ன ஆகும்? 'எங்க ஊர்ல உறிஞ்சி பிழைச்சாங்களே' என்பார்கள். கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும். விஷப் பாம்புகூட சில சமயம் விஷத்தை இறக்காமல் கடிப்பதுண்டு. பேர் மட்டும் வைத்தியத்துக்குப் போய்விடும்.

பாம்பு கடித்தால் கை காலை அசைக்காமல் வைத்து, வீங்குவதற்குள் வளையல், மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 108-க்கு போன் செய்யலாம். விஷமுறிவு மருந்து ஒன்றுதான் வழி. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தினர் எடுத்துத் தரும் விஷத்தை குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து இந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இது கேட்கும். எங்கள் மலையில் இருக்கும் குழிவிரியன் இந்த நான்கில் சேராது. அதனால் என்ன சிகிச்சை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமல்ல.

அடுத்தது நாய். 'தொப்புளைச் சுத்தி ஊசி' என்று காமெடிக் காட்சியில் சொல்லிச் சொல்லியே குழந்தைகளை மிரட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து லைன் வீட்டுப் பையனை நாய் கடித்தபோது, இரண்டு நாள் கால்சட்டைக்குள் காயத்தை மறைத்துக்கொண்டு திரிந்தான். கேட்டதற்கு, 'தொப்புள்ல குத்துவாங்க அத்தே' என்று அழுதான். எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு. வெறிநோய் முற்றி வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம் அல்லவா? அவனை உடனே ஊசிக்கு அனுப்பி வைத்தோம்.

சினிமாக்காரர்கள் சொன்னது அந்தக் காலத்துக்குப் பொய்யில்லை. 1907-ல் எங்கள் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையத்தில் பல வருஷம் ஆட்டு மூளையிலிருந்துதான் மருந்து தயாரித்தார்கள். அதை வயிற்றில்தான் நாள் தவறாமல் போட வேண்டியிருந்தது. 2005-க்குப் பிறகு நம் நாட்டில் அந்த மருந்தே கிடையாது. இப்போது புஜத்தில்தான் ஊசி. அரசு ஆஸ்பத்திரியில் கடிபட்ட அன்று, 3, 7, 28-ம் நாட்கள் என்று நான்கே தடவை, காசும் கிடையாது. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள். ஊசிக்குப் போகும் முன் காயத்தை சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் அப்பக் கூடாது.

பாம்புக் காட்சி, 'உறிஞ்சினால் போதும்' என்று வீண் தைரியம் கொடுக்கிறது. நாய்க் காட்சி வீண் பயம் கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்தைத்தான் தின்கின்றன. அதனால், டி.வி.யில் இந்தக் காட்சி வரும்போது பிள்ளைகளிடம், 'இது நிஜமில்லடா. எது கடிச்சாலும் உடனே அம்மாகிட்ட சொல்லணும், திட்ட மாட்டேன்' என்று சொல்லி வையுங்கள்.

– ஒரு வாசகி, குன்னூர்.