பிணியாளர் பணிவிடையும் பக்தியும்

கிறிஸ்தவ வழிபாடு என்றதும் ஆலயமும் செபமும் கீதமுமே பலருக்கு நினைவில் எழும். ஆயின், நோயுற்றவரின் படுக்கையருகே நிற்பதும் வழிபாடே என்பது அச்சமயத்தின் பழைய கொள்கை. மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரத்திலே இறுதித் தீர்ப்பைக் காட்டும் பகுதி ஒன்றுண்டு. பசித்தோர்க்கு உணவளித்ததும் பிணியாளரைச் சென்று பார்த்ததும் அங்கே கணக்கில் எடுக்கப்படுகின்றன. எளியவர் ஒருவருக்குச் செய்தது தமக்கே செய்தது என்கிறார் அரசர். செய்தவர்களோ, யாருக்குச் செய்தோம் என்பதை அறியாதிருந்தவர்கள். பயன் கருதாத அந்தத் தன்மையே பணிவிடையை வழிபாடாக்குகிறது.

இக்கொள்கை யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலே நடைமுறையில் சோதிக்கப்பட்டது. நியூயோர்க் நகரில் நல்ல வருமானத்துடன் வைத்தியம் செய்துவந்த யோன் ஸ்கடர், பிணியாளர் ஒருவரின் வீட்டிலே காணக்கிடைத்த ஒரு சிறு நூலைப் படித்து மனம் மாறினார். 1819-இல் மனைவி ஹரியற்றுடன் கப்பலேறினார். கல்கத்தாவை அடைந்ததும் தம் இளங்குழந்தையை அங்கே பறிகொடுத்த அத் தம்பதியர், துயரத்தோடு இலங்கை வந்து, 1820-இல் பண்டத்தரிப்பிலே பணியைத் தொடங்கினர். 1836-இல் சென்னைக்குச் செல்லும்வரை ஸ்கடர் யாழ்ப்பாணத்திலே தொண்டாற்றினார்.

அக்காலத்து வைத்தியரின் கையிலிருந்த ஆற்றல் மிகச் சிறிது. மயக்கமருந்து சத்திரசிகிச்சையில் வழக்குக்கு வந்தது 1846-க்குப் பின்னரே. வாந்திபேதிக்குக் காரணமான கிருமியை ரொபர்ட் கொக் உலகறியச் செய்தது 1884-இல். ஆகவே குணப்படுத்த முடியாத இடத்திலும் அருகிருத்தல், அருவருப்பின்றித் தொடுதல், பொறுமையோடு கேட்டல் ஆகியவையே பணிவிடையின் பெரும் பகுதியாயின.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஸ்கடர் வைத்தியர் மட்டுமல்லர், போதகரும் ஆவார். மருந்து கொடுத்தல் மதம் பரப்பும் உபாயமாகிவிடாதா? இவ்வினாவை ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. நோயுற்றவன் தளர்ந்திருப்பவன்; அவனது தளர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்வோர், தாம் போற்றும் அரசரின் வாக்கையே மறந்தவராவர். போதனையைக் கேட்டும் ஏற்காது செல்பவனுக்கு, ஏற்றவனுக்குக் கொடுத்த மருந்தே குறைவின்றிக் கிடைக்கிறதா என்பதே உரைகல். அமெரிக்க மிசன் வைத்தியர்களிடம் மருந்து பெற்றவர்களிற் பெரும்பாலோர் சைவராகவே வாழ்ந்தனர். வைத்தியப் பணியோ நின்றுவிடவில்லை.

1847-இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அதனை மேலும் வளர்த்தார். மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு 60-க்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். பிணியாளரின் துன்பத்தை அவரது மொழியிலேயே விளங்கிக்கொள்வதும் பணிவிடையின் ஓர் அங்கம் என்பதற்கு அவர் பணி சான்று. ஸ்கடரின் பேர்த்தியாரான ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரிலே தொடங்கிய சிறு வைத்தியப் பணி, பின்னர் பெரியதொரு மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

எனினும், பணிவிடை வைத்தியருக்கு மட்டும் உரிய அறமன்று. நெடுநாட் படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு வாய் கழுவிவிடுதலும், உடம்பைப் புரட்டிப் படுக்கவைத்தலும், சொன்னதையே திரும்பச் சொல்லும்போது சலியாது செவிசாய்த்தலும் எவருக்கும் கூடிய செயல்கள். பாராட்ட ஒருவருமில்லாத இரவுவேளையிலும் அவற்றை அன்போடு செய்பவரிடத்திலே பக்தி தன் உண்மை வடிவத்தைப் பெறுகிறது.