ஒரேயொரு உதிரிப்பாகத்திற்கு லேத் கூலி ஏன் இவ்வளவு?

இயந்திரம் வைத்துத் தொழில் செய்யும் நமது வியாபாரிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பஞ்சிகாவத்தையில் ரெடிமேடாக வாங்கும் ஷாஃப்டுக்கு ஒரு விலை, அதே போன்ற ஒன்றை லேத் பட்டறையில் கடைந்து தரச் சொன்னால் அதைவிடப் பல மடங்கு. பட்டறைக்காரர் ஏமாற்றுகிறாரா?

பெரும்பாலும் இல்லை. ஒரு கணக்கைப் பார்ப்போம். பட்டறையின் கூலி மணித்தியாலத்திற்கு 2,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பழைய சாமானை அளந்து, இரும்பை வெட்டியெடுத்து, லேத்தில் நேராகப் பிடித்து, கருவிகளைப் பொருத்துவதற்கு 2 மணித்தியாலம் போகிறது. கடைவதற்கு அரை மணித்தியாலம். ஒன்று மட்டும் செய்தால் கூலி 5,000 ரூபா. பத்துச் செய்தால் 7 மணித்தியாலம், 14,000 ரூபா. ஒன்றுக்கு 1,400 ரூபாதான். ஆயத்த வேலை ஒன்றுக்கும் பத்துக்கும் ஏறத்தாழ ஒன்றே. ரெடிமேட் சாமான் மலிவாக இருப்பதற்கும் இதுவே முக்கிய காரணம்.

அடுத்தது இரும்பின் விலை. 50 மில்லிமீற்றர் விட்டமும் 300 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட உருக்குக் கம்பி சுமார் 4.6 கிலோ வரும். அதை முழு நீளத்துக்கும் 40 மில்லிமீற்றருக்குக் கடைந்தால் 3 கிலோவே மிஞ்சும். சுருளாகப் போன மீதிக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் விலையும் கூட. கடையும்போது இறுகிக் கருவியைத் தேய்ப்பதால் நேரமும் கூட.

மூன்றாவது அளவின் துல்லியம். 6205 பெயாரிங்கின் துவாரம் 25 மில்லிமீற்றர். அது உட்காரும் இடம் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு பிசகினாலும் தளர்ந்து சுழலும், அல்லது ஏறாது. இறுதி வெட்டில் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டால் முழுத் துண்டும் வீண். அந்த நட்டத்திற்கான பாதுகாப்பும் கூலிக்குள் அடங்கியிருக்கிறது.

செலவைக் குறைக்க நான் சொல்லும் வழிகள் இவை:

தேய்ந்த ஷாஃப்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். தேய்ந்த அளவுக்கே புதியதும் கடையப்பட்டால் பணம் வீண். அதில் பொருந்தும் பெயாரிங், புலி, சீல் ஆகியவற்றையும் கொண்டுபோங்கள்.

எந்த இடத்தில் அளவு மிகச் சரியாக இருக்க வேண்டும், எந்த இடத்தில் சற்று முன்பின்னானாலும் பரவாயில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லா இடமும் துல்லியமாக வேண்டுமென்றால் நேரம் கூடும்.

ஓரிடம் மட்டும் தேய்ந்திருந்தால், வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைய முடியுமா என்று கேளுங்கள். சூட்டினால் ஷாஃப்ட் வளையக்கூடும். நேராக இருக்கிறதா என்று பார்த்தே திரும்பப் பெறுங்கள்.

இரும்பு யாருடையது, பிழைத்தால் யார் பொறுப்பு என்பதை வேலை தொடங்குமுன் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் இதனால்தான்.

முக்கியமாக, இரண்டாகச் செய்வியுங்கள். மேற்சொன்ன கணக்கின்படி இரண்டாவதற்குக் கூலி 1,000 ரூபாவும் இரும்பின் விலையும் மட்டுமே. அது ராக்கையில் கிடக்கட்டும். அடுத்த முறை ஷாஃப்ட் உடையும்போது, பட்டறை வாசலில் காத்திருக்கும் நாட்களின் வருமானம் உங்களுக்கு மிச்சம்.