சிறிய ஊர்தியும் கரடுமுரடான வழியும்

காட்டுத் தடங்களிலும் மலைச்சரிவுகளிலும் வண்டி செலுத்துதல் செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் பலர். குறைந்த விலையில் பழைய ஊர்தியொன்றை வாங்கி, அதனைத் தக்கவாறு திருத்தி இப்பயணத்தில் இறங்கியோரின் அனுபவம் இவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு யப்பானியச் சுசுக்கி நிறுவனத்தின் ஜிம்னி ஆகும். 1970ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த அவ்வூர்தியின் இயந்திரம் 359 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 25 குதிரைவலுவுமே உடையது. எனினும், அது நான்கு சில்லுகளையும் இயக்கியது. அதன் வழித்தோன்றலே 1980களில் அமெரிக்காவில் சாமுராய் என்னும் பெயருடன் விற்பனையாயிற்று. இதன் எடை ஏறத்தாழ ஒரு தொன் மட்டுமே. கனத்த வண்டி புதையும் சேற்றிலும் மணலிலும் இலேசான வண்டி கடந்து செல்லும். வாங்குபவர் பெறும் பெருஞ்செல்வம் இவ்வெடைக் குறைவே.

பழைய வண்டியை வாங்குவோர் இயந்திரத்தின் ஓசையில் மயங்குதல் கூடாது. இயந்திரத்தைப் பழுதுபார்க்கலாம், துருப்பிடித்து வெடித்த அடிச்சட்டத்தைச் சீராக்குவதோ பெருஞ்செலவு. ஆதலின் வண்டியின் கீழே படுத்து, சட்டத்தையும் வில்தகடுகள் பொருந்தும் இடங்களையும் முதலில் நோக்குக. நாற்சில்லு இயக்கத்தையும் தாழ்ந்த கியரையும் மண் தரையிலே சோதித்தல் வேண்டும். உலர்ந்த தார்வீதியில் நாற்சில்லு இயக்கத்தைப் பூட்டினால் வளைவுகளில் உறுப்புகள் இறுகி நலிவுறும்.

திருத்த வேலைகளுக்கும் ஒரு முறைவரிசை உண்டு. முதற்பணம் நல்ல ரயர்களுக்கே உரியது. கரடுமுரடான தடத்தில் காற்றைச் சற்றுக் குறைத்தால் ரயர் தரையில் நீளமாகப் படிந்து பிடிப்பு மிகும். வீதிக்குத் திரும்புமுன் மீண்டும் காற்றேற்றல் வேண்டும். அடுத்து, முன்னும் பின்னும் உறுதியான கொளுக்கிகளும் இழுவைப் பட்டியும் வேண்டும். அதன்பின்னரே டிபரன்சலுக்குப் பூட்டமைப்பைச் சிந்திக்கலாம். ஒரு சில்லு பிடிப்பிழந்து வீணே சுழலும்போது, அதன் இணைச் சில்லும் வலுவிழந்து நிற்கும். பூட்டமைப்பு இரண்டினையும் ஒருசேரச் சுழலச் செய்கின்றது.

ஆர்வமிக்கோர் தவறுவது உயரத்திலேயாம். வண்டியை உயர்த்திப் பெரிய ரயர் பூட்டினால் பாறைகளைத் தாண்டலாம். ஆனால் புவியீர்ப்பு மையமும் உயர்ந்து, சரிவிலே கவிழும் அபாயம் பெருகும். பெரிய ரயரைச் சுழற்றச் சிறிய இயந்திரம் திணறும். பிறேக்கின் வேலையும் கூடும். ஆகவே கியர் விகிதத்தையும் மாற்ற நேரும். கனத்த இரும்புக் காப்புகளும் கூரைத் தட்டும் சேர்ந்தால், வாங்கும்போது பெற்ற எடைக் குறைவு மெல்ல மெல்லக் கரைந்து போம்.

2007ஆம் ஆண்டில், சிலி நாட்டின் ஓஜோஸ் டெல் சலாடோ எரிமலையில் திருத்தியமைக்கப்பட்ட சாமுராய் ஒன்று 6,688 மீற்றர் உயரத்தை எட்டி அன்றைய உலக சாதனையை நிலைநாட்டியது. பின்னர் வேறு வாகனங்கள் அதனை விஞ்சின. எனினும், சிறிய ஊர்தியொன்றை அதன் இயல்பறிந்து திருத்தினால் எத்துணை தொலைவு செல்லலாம் என்பதற்கு அப்பயணம் சான்றாக நிற்கின்றது.